பக்கத்து இருக்கைக் குரல்

என் பிரியமானவளுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரேஸ் டிராக்கில் கோப்பைகளாக அள்ளிய டிரைவர் ஒருவர், காட்டுப்பாதைக் கார் பந்தயமான ராலி ஓட்டிப் பார்க்க எங்கள் பட்டறைக்கு வந்தார். அங்கே ஜெயித்தவர் இங்கேயும் ஜெயிப்பாரா என்று எனக்கு ஒரே ஆர்வம். ராலியில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை வாசித்துக்கொண்டே வருவார். இவரோ ஒத்திகையில் தன் கண்ணை மட்டும் நம்பி, காரை வயலில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை, பயப்படாதே.

"ஓட்டத் தெரியுது, கேக்கத்தான் தெரியல," என்று தன்னையே சொல்லிச் சிரித்தார். மறுநாள் போட்டியில் பக்கத்துக் குரலைக் கேட்டு ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

ஸ்கூட்டரில் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்பாயே, நான் எரிந்து விழுவேனே!

இங்கே நான் வடிக்கும் சோறு தினமும் குழைகிறது. பக்குவத்தை எழுத வேண்டாம்; பேசிப் பதிந்து அனுப்பு. நடுவில் திட்டினாலும் பரவாயில்லை.

பட்டறை வேன் வந்துவிட்டது.

இனி சொன்ன பேச்சு கேட்கும்,
உன் வீட்டுக்காரன்