சேவையர் வீட்டு மவுஸ்

2024 யூன் 3, திங்கள்

கொம்பியூட்டர் மவுஸ் செத்துவிட்டது. அதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா? சேவையர் நமசிவாயத்தாரின் முப்பத்தோராம் நாள் நினைவுமலர் பாதியில் நிற்கிறது. நீர்வேலியில் யாருடைய மலரை நான் செய்தாலும், பந்தியில் இருந்தபடியே அடிமட்டத்தை எடுத்துப் படத்தை அளப்பார். "பிள்ளை உதயகலா, படம் கோணல்." ஆயுள் முழுக்கக் காணி அளந்தவர். அவருடைய படமாவது நேராக இருக்கவேண்டும். என் மானமே அதில்தான்.

யூன் 4

யாழ்ப்பாணம் போய்ப் புது மவுஸ் வாங்கிவந்தேன். அதன் வயர் முனை தட்டை. கொம்பியூட்டரில் இருப்பதோ வட்டத் துளை. தட்டைத் துளையும் இரண்டு உண்டு, ஆனால் போன மாரியில் இடி விழுந்ததோடு அவற்றின் கதை முடிந்தது. வேறு கொம்பியூட்டருக்கும் போகமுடியாது. மலர் செய்கிற பழைய மென்பொருளும் எழுத்துருவும் இந்தக் கிழத்துக்குள்தான் இருக்கின்றன.

யூன் 5

கடைக்காரக் கஜானன் தட்டை முனையை வட்டமாக்குகிற, பச்சை நிறத்தில் ஒரு சின்ன மாற்றி தந்தான். "உதைப் போட்டால் சரி அக்கா." போட்டேன். அச்சாவாகப் பொருந்தியது. மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சமும் வந்தது. திரையில் அம்புக்குறி மட்டும் அசையவில்லை. நிறுத்திப் போட்டேன். தட்டினேன். கெஞ்சினேன். போன் எடுத்தால் சிரிக்கிறான்: "எல்லா மவுஸும் உந்த மாற்றியோடை வேலை செய்யாது அக்கா. பழைய மவுஸ்தான் வேணும்."

உதை முதலே சொல்லியிருக்கலாமேடா!

யூன் 6

விசைப்பலகையால் படத்தை நகர்த்தப் பார்த்தேன். சேவையர் பக்கத்தை விட்டே வெளியே போய்விட்டார். தேடிக் கொண்டுவர மத்தியானம் ஆயிற்று. திங்கள் அச்சகத்துக்குக் கொடுக்கவேணும். என்ன செய்யப்போறன்? போய்ச் சேவையர் வீட்டு அன்ரியிட்டைச் சொல்லுறதோ?

யூன் 7

சொல்லிவிட்டேன். சேவையரின் மனைவி பாலேஸ்வரி அன்ரி கோபிக்கவில்லை. உள்ளே போய், பூப்போட்ட துணி உறையோடு ஒரு மவுஸை எடுத்துவந்தார். அடியில் உருண்டை உள்ள பழைய சாமான். வட்ட முனை!

"அவரின்ரை கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்குக் குடுத்தாச்சு பிள்ளை. இதை மட்டும் குடுக்க மனம் வரேல்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முனையைக் கண்டுதான். வெட்கம்.

யூன் 8

வேலை செய்கிறது. ஆனால் குணம் சேவையருடையது. வலம் போகச் சொன்னால் இடம் போகிறது. உருண்டையைக் கழற்றித் துடைத்தும் பார்த்தேன். படத்தை நேராக்கிக் கையை எடுக்கிற நேரம் ஒரு துள்ளல். "ஐயா, உங்கடை படம்தான், கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்று வாய்விட்டே சொன்னேன்.

யூன் 10

கொடுத்தாச்சு. நேராகத்தான் இருந்தது. நேராகத்தானே இருந்தது?

யூன் 14

மலர் வந்தது. கோணல். எல்லாப் பிரதியிலும் மனுசன் இடப்பக்கம் சரிந்து நிற்கிறார். கடைசி நேரத்தில் மவுஸ் துள்ளியிருக்கிறது. நாளைக்கு முப்பத்தோராம் நாள், என்ன முகத்தோடை போறது?

யூன் 15

பந்தியில் எல்லோரும் மலரைப் புரட்ட, நான் சாம்பார் வாளியோடு ஒளித்துத் திரிந்தேன். அன்ரி கூப்பிட்டார். முதல் பக்கத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை பிடிக்கேக்கை அவர் உப்பிடித்தான் தலையைச் சரிச்சுப் பாக்கிறவர். எப்பிடிப் பிள்ளை உனக்குத் தெரிஞ்சுது?"

அழுதபடியே சிரித்தார். மவுஸைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீயே வைச்சிரு. உன்ரை வீட்டையெண்டால் பிழை பிடிச்சு அவருக்குப் பொழுது போகும்."

யூன் 17

கொழும்புத்துறையிலிருந்து ஒரு மலர் வேலை வந்திருக்கிறது. மவுஸை உறையிலிருந்து எடுத்தேன். அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஐயா கேட்பதற்கு முதல் நானே அளந்துவிடலாம்.