கல்வனைஸும் ஒரு விரலும்

2024 ஒக்டோபர் 7, திங்கள்
ஆங்கில வகுப்பில் வீட்டு வேலை: வீட்டார் செய்யும் தொழிலிலிருந்து ஒரு வினைச்சொல், அதன் பொருள், பிறப்பு. என் கணவர் மதுசனைக் கேட்டேன். துறைமுகப் பக்கம் படகு திருத்தும் யாட்டில் வெல்டர், அவருக்கா சொல் இல்லை? "கல்வனைஸ் எண்டு எழுது. இரும்பை உருக்கின துத்தநாகத்தில முக்கி எடுக்கிறது. உப்புக்காத்துக்குக் கறள் பிடியாது." கட்டின நாளிலிருந்து அவர் எனக்கு இவ்வளவு நீளமாக எதையும் விளங்கப்படுத்தியதில்லை.

ஒக்டோபர் 9
பிறப்பைத் தேடினேன். கல்வானி என்று ஓர் இத்தாலிக்காரர். செத்த தவளையின் காலில் இரண்டு உலோகங்களைத் தொடுத்தாராம், கால் உதைத்ததாம். அவர் பெயர்தான் முதலில் மின்சாரத்துக்கும் பிறகு இரும்புக்கும் வந்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தது எப்படி உதைக்கும்? மதுசன் சிரிக்கிறார்: "செத்தது அந்தத் தவளைக்கே தெரியேல்லைப் போல."

ஒக்டோபர் 11
ஐயோ.

ஒக்டோபர் 12
 நடந்ததை எழுதி வைக்கிறேன்.
வெல்டிங் மெஷினின் எர்த் வயரைப் படகில் கொழுவாமல், கிட்ட இருக்கும் தண்ணீர்க் குழாயில் கொழுவுவது அந்த யாட்டின் வழக்கம். எல்லாரும் கை கழுவுவதும் அதே குழாயில்தான். நேற்றுப் பழைய மெஷினில் கசிந்த மின்சாரம் குழாயில் ஏறியிருக்கிறது. மதுசன் சாப்பிடப் போகமுன் ஈரக்கையோடு குழாயைத் தொட்டார். கல்வனைஸ் குழாய். இதயம் நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் றம்ஸான் நெஞ்சை அமத்தி அமத்தி மீட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை.

ஒக்டோபர் 14
வலது சுட்டுவிரல் துடிக்கத் தொடங்கியிருக்கிறது. "அசையுது, என்ர பிள்ளை அசையுது" என்று மாமி கட்டிலைப் பிடித்து அழுதா. கோணேசர் கோயிலுக்கு நேர்ந்தும் விட்டா. நரம்பு தானாகவும் துடிக்கும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். நான் ஏன் சந்தோசப்படவில்லை? அந்தத் தவளை. நாசமாய்ப்போன தவளை. அதை நான் ஏன் படிச்சனான்?

ஒக்டோபர் 15
விரல் நிற்கவே இல்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 17
றம்ஸான் வந்தார். யாட்டில் எல்லா எர்த் வயரையும் குழாயிலிருந்து கழற்றிவிட்டார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவர் போனதும் மதுசனின் காதருகே குனிந்தேன். இத்தனை நாளும் அசையுங்கோ, அசையுங்கோ என்றுதான் எல்லாரும் கேட்டோம். நான் மாற்றிக் கேட்டேன்.
"கேக்குதெண்டால் விரலை நிப்பாட்டுங்கோ."
நின்றது.
"இப்ப ஆட்டுங்கோ."
ஆட்டினார்.
மாமி ஓடிவந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டா. தவளைக்கு நிறுத்தத் தெரியாது மாமி என்றேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.