கிடக்கட்டும் அந்த மரம்

என் சண்டைக்கார மகளுக்கு,

இது முழுக்க என் கையெழுத்து. ஒரு வரி முடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் ஆகிறது, சிரிக்காதே.

போன வருடப் புயலில் வீட்டுக்குப் பின்னால் நின்ற கிழட்டு மரம் பாதியில் ஒடிந்து விழுந்தது. நாற்பது வருட வனக்காவலர் வேலையில், விழுந்த மரம் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. "கட்டை கிடந்தாதான்பா காட்டுக்குச் சோறு" என்று முன்பு ஒரு மரத்தை நான் அறுக்கப் போனபோது நீ குறுக்கே நின்றாய். நான் உன்னை வீட்டை விட்டே போகச் சொன்னேன்.

இந்த முறை ரம்பம் தூக்க முதுகு இடம் தரவில்லை. மரம் கிடந்தது. திறந்த வானத்திலிருந்து வெயில் இறங்கி, தரையெல்லாம் கன்றுகள்! மேய மான்கூட வருகிறது.

நேற்று லாரிக்காரர் வந்தார்.

"பெரியவரே, கட்டையை ஏத்திரலாமா?"

"கை வச்சுப் பாரு, கடிச்சுருவேன்."

"எந்தப் பல்லால?"

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். இந்த வாரம் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஒடிந்து நிற்கும் அடிமரத்தில் மரங்கொத்தி ஒன்று குடியேறியிருக்கிறது. அது தட்டும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி, மகளே. ஒருமுறை வந்து பார்.

உன் அப்பா