ஆர்டர் இல்லாத டீச்சர்

பம்மல்,
4.8.2025

அன்புள்ள கீதா அக்காவுக்கு,

சுபத்ரா எழுதுவது. நாலு தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். முட்டிவலி தேவலையா?

நாலு மாதச் சம்பளம் வராமல்தான் ஜூனில் ஸ்கூலை விட்டு நின்றேன். “ஆர்டர் இல்லாத ஆளுக்கு இன்னா சம்பளம்?” என்று கரஸ்பாண்டன்ட் கேட்டபோது நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாம்பரத்தில் தனசிங் வக்கீலைப் பார்த்தேன். நியமன ஆணை இல்லாவிட்டாலும் வேலை பார்த்ததை நிரூபித்தால் போதுமாம். முதலில் நோட்டீஸ், பிறகு கல்வி அலுவலரிடம் புகார், அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்ததால் பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கிளாஸ் டீச்சராக நான் கையெழுத்துப் போட்ட ரேங்க் கார்டு மூன்றைப் பெற்றோரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். என்னை வேலைக்குச் சேர்த்ததே துணை முதல்வரான நீங்கள்தான். ‘இவள் இங்கே வேலை பார்த்தாள்’ என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் அக்கா.

அன்புடன்,
சுபத்ரா

ராஜகீழ்ப்பாக்கம்,
11.8.2025

அன்புத் தங்கை சுபத்ராவுக்கு,

உன் மேல் எனக்கு என்னடி கோபம்? போனை எடுக்கப் பயம், அவ்வளவுதான். என் பெண் நிஷா இந்த வருஷம் பிளஸ் டூ, ஃபீஸ் இல்லாமல் நம் ஸ்கூலில்தான் படிக்கிறாள். பதினோரு வருஷமாகியும் எனக்கே ஆர்டர் கிடையாது. உனக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்கே கரஸ்பாண்டன்ட் என்னையும் “நீ யாரு?” என்பார். கோர்ட்டு, கேஸெல்லாம் பேஜார். வேறு ஸ்கூல் பாரும்மா. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

உன் அக்கா,
கீதா

பம்மல்,
22.9.2025

கீதா அக்காவுக்கு,

நோட்டீஸுக்குப் பதில் வந்துவிட்டது. வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடிக்க, ஸ்கூல் லெட்டர்பேடிலேயே அனுப்பியிருக்கிறார்கள். ‘சுபத்ரா என்ற ஆசிரியை எங்கள் பள்ளியில் பணிபுரிந்ததே இல்லை.’ கீழே உங்கள் கையெழுத்து. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட கை அது. அன்றைக்கு முழுவதும் அழுதேன்.

ரேங்க் கார்டுகளை வைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. நிஷா படிப்பை முடிக்கட்டும்.

அந்தப் பதிலின் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரியைப் படியுங்கள்: ‘2014 முதல் எங்கள் பள்ளியில் துணை முதல்வராகப் பணிபுரியும் திருமதி கீதா அளிக்கும் பதில்.’ பள்ளி முத்திரையும் கரஸ்பாண்டன்ட் கையெழுத்தும் பக்கத்திலேயே இருக்கின்றன. பீரோவில் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்களை “நீ யாரு?” என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

இனி நான் எழுத மாட்டேன்.

சுபத்ரா