அறுபத்திரண்டு மைல்

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். சியாட்டில் மழையில் நீயும் குழந்தையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பிடும் முன் வேண்டிக்கொள்கிறோம். கோதுமை இந்த வருடம் சுமார்தான், அம்மாவின் முழங்கால் தேவலை. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணை டெல்மரின் மனைவி நெல்டா மார்ச்சில் தவறிப்போனதை அம்மா சொல்லியிருப்பாள், எப்படி என்று சொல்லியிருக்க மாட்டாள். காலையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நம் ஊர் ஆஸ்பத்திரியை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது, அடுத்தது அறுபத்திரண்டு மைல். மாநில செனட் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நான் சைரன் கேட்டு வண்டியை ஓரம் கட்டினேன். ஆம்புலன்ஸ் போனது, பின்னாலேயே டெல்மரின் வண்டி. யார் உள்ளே என்று அப்போதுதான் புரிந்தது. பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை விரிவாக்கும் மசோதாவை நான் மூன்று முறை எதிர்த்தது உனக்குத் தெரியும். அந்தப் பணம் வந்தால்தான் ஆஸ்பத்திரி பிழைக்கும் என்று டாக்டரே வந்து சொன்னார். வாஷிங்டன் இன்று கொடுப்பதை நாளை நிறுத்தினால் சுமை நம் தலையில் விழும், உழைக்க முடிந்தவன் காப்பீட்டைத் தானே வாங்கிக்கொள்ளட்டும், முடியாதவனைச் சர்ச் பார்த்துக்கொள்ளும் என்றேன். பொய்யில்லை மகளே, நம்பித்தான் பேசினேன். தீவனக் கடையில் டெல்மர் கேட்டபோதுகூட, "ஆஸ்பத்திரி எங்கடா போகப்போகுது" என்று அவன் தோளைத் தட்டினேன்.

அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கதவைத் திறந்து, "உன் மேல கோவம் இல்ல கிளிஃபர்ட். ஒவ்வொரு தடவையும் உனக்குத்தான் ஓட்டுப் போட்டோம், அவளும்தான் போட்டா. நாங்களே இதைப் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு, அதத்தான் தாங்க முடியல" என்றான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

அதிலிருந்து சைரன் காதைவிட்டுப் போகவில்லை. ஆளில்லாத சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். "ஒண்ணுமே வரலையே, ஏன் நிறுத்தினீங்க?" என்று அம்மா கேட்கிறாள். எதுவும் கடந்து போவதில்லை, சத்தம் மட்டும் நெருங்கிக்கொண்டே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மசோதா மறுபடி வந்தது. மாநிலம் கடனில் விழும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனாலும் ஆம் என்று ஓட்டுப் போட்டேன். எங்கள் கட்சித் தலைவர், "என்ன பெரியவரே, வயசாயிடுச்சா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். ஆறு ஓட்டில் தோற்றது. அதைப் பற்றிக்கூட வருத்தமில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரி திறந்திருந்த நாளில், இதே மசோதா ஒரே ஓட்டில் தோற்றது லெனோரா. நான்தான் அந்த ஓட்டு.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். டெல்மருக்கு மறக்காமல் நாலு வரி எழுது, உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் நெல்டாதான்.

உன் அப்பா,
கிளிஃபர்ட்