நாலாவது தடவையில் செத்த பொடி

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு தேறியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மாமாவுக்கு முதுகுவலி, வேன் ஓட்டுவதை வாரத்துக்கு நாலு நாளாகக் குறைத்துவிட்டான். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி, கன்னம் வீங்கி, பத்து நாள் பாலும் படுக்கையுமாகக் கிடந்தார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

முட்டை ஓட்டைச் சுட்டு உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய வெள்ளைப் பொடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் மெத்தனாலும் அந்தப் பொடியும் சேர்த்துச் சூடாக்கினால் டீசல் பிரியும், பொடி கரையாமல் அடியில் தங்கும், அதே பொடியை எட்டுத் தடவை போட்டு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தேறியது என்று அப்பாவை எழுதி அனுப்பச் சொன்னாய். ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்த மனுஷனுக்கு மகள் ஒரு வேலை கொடுத்ததில் தலைகால் புரியவில்லை. முதல் மூன்று தடவை நன்றாகத்தான் வந்தது, மாமா வேனில் ஊற்றி ஓட்டிப் பார்த்து, மச்சான், வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னு கத்தினான். நாலாவது தடவை எல்லாம் கூழாகிவிட்டது, தொட்டால் சோப்பு மாதிரி நுரைத்தது, பொடி சேறாகிப் போனது. ஒரே எண்ணெயை நாலு நாள் காய்ச்சுகிற கேன்டீன் எங்களுடையது, அந்தப் புளிப்பும் ஈரமும்தான் பொடியைக் கொன்றிருக்கும், அதில் என் பங்கும் இருக்கிறது.

ஆனால் அப்பா உனக்கு அனுப்பிய தாளில் அதற்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று போகிறது. ஆறாவது, ஏழாவது தடவை என்று எழுதியிருக்கும் தேதிகளில் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். போன வாரம் அவர் எண்ணெய் காய்ச்சும் ஷெட்டைப் பெருக்கும்போது அவருடைய நோட்டைப் பார்த்தேன், நாலாவது பக்கத்துக்கு மேல் வெள்ளைத் தாள்தான். கேட்டதற்கு நோட்டை வாங்கி மூடிவைத்தார். அப்புறம், புள்ள ஆறு வருஷமா இதையே கட்டிக்கிட்டு அழுவுறா, செத்துப் போச்சுன்னு நான் எந்தக் கையால எழுதுவேன் என்றார். மாமாவோ, யாரு வந்து பாக்கப் போறாங்க அக்கா, பேசாம இரு என்கிறான். நானும் மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று நீ போனில், உன் பேராசிரியர் இந்தக் கணக்கைத்தான் ஆய்வேட்டின் நடுநாயகமாக வைக்கச் சொன்னார், அடுத்த மாதம் கொடுக்க வேண்டும் என்றாய். அப்பா சிரித்துக்கொண்டே போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போனார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

உன் ஆறு வருஷமும் வீணாகிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நல்லதே நடக்கும் என்று எழுதினால் அதுவும் அவர் எழுதினது போலத்தான் ஆகும். செத்த பொடியை இன்னமும் தினமும் கழுவி வறுத்துக்கொண்டிருக்கிறார், வெள்ளையாகிறது, வேலை செய்யவில்லை. நோட்டில் உண்மையாக எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது.

நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ராத்திரியில் பட்டினி கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணுவார். கோபப்படு, திட்டு, நான் குறுக்கே வர மாட்டேன். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா