கிணற்றுத் தண்ணீரில் கழுவிய வேன்

என் மர்ஜானாவின் அருமை வாப்பாவுக்கு, ஸலாம்.

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. "இஞ்சாருங்க" என்றால் திரும்பிப் பார்க்கிற மனிதருக்குக் கடிதம் எதற்கு? இப்போது உங்கள் வேனைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தி இல்லை.

கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. முன்கண்ணாடிதான் படுமோசம். நீங்கள் மவுத்தான பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள்ளேயே இத்தா இருந்து வெளியே வந்த அன்றுதான் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். சண்டை முடிந்த கையோடு, மன்னாரில் விட்டு வந்த காணியைப் பார்க்கப் போனவர்களை எல்லாம் ஏற்றிப் போன வேன். காட்டுப் பாதைப் புழுதியிலும் அந்தக் கண்ணாடியைக் கண் மாதிரிக் காப்பாற்றினீர்கள்.

தேசிக்காய் வெட்டித் தேய்த்தேன். வினாகிரியில் துணி நனைத்து ஒட்டி வைத்தேன். பற்பசை, பழைய பேப்பர், ஒன்றையும் விடவில்லை. ஈரமாக இருக்கும்போது புள்ளிகள் மறைந்துவிடும். போய்விட்டது என்று உள்ளே வந்து பிளேன்டீ ஊற்றுவேன். குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லாம் திரும்ப வந்திருக்கும். நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?

கராஜ்காரர் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது மேல படிஞ்ச உப்பு மட்டுமில்ல, கண்ணாடியையே திண்டிருக்கு. மெஷினால தேய்ச்சாலும் முழுசாப் போகாது. மாத்துறதுதான் வழி" என்றார். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பார்த்த கண்ணாடி அது.

மாற்றாமல் ஓடவும் முடியாது. என் தம்பி ரிஸ்வான் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போனான். பாலாவிச் சந்திக்குக் கிட்டப் போகும்போது காலை வெயில் நேரே அடித்து, முன்னால் ஒன்றும் தெரியவில்லையாம். ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளை வேறு வேனில் அனுப்பிவிட்டான். அதோடு வேன் முற்றத்தில் நிற்கிறது.

நான் இத்தா இருந்த நாளில் வேனைக் கழுவியது அவன்தான். மர்ஜானா கொதித்துப்போனாள். "மாமா, வாப்பா ஒரு நாளாவது கிணத்துத் தண்ணிய கண்ணாடியில ஊத்தினாரா? தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் அடியில வெள்ளையாப் பிடிக்கிறது உங்களுக்குத் தெரியாதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ரிஸ்வான் என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, "என்ட பிழைதான் மகள்" என்றான். அன்றிலிருந்து அவள் அவனோடு கதைப்பதில்லை. அவனும் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துவிட்டது.

அவன் மேல் பிழை இல்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

கூரையில் விழுகிற மழைத் தண்ணீரை வேனுக்கென்று நீலப் பீப்பாயில் பிடித்து வைப்பீர்களே, உங்கள் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஓதிச் சாப்பிட வந்தவர்கள் ஸஹன் தட்டுகளைக் கழுவியே அதை முடித்துவிட்டார்கள். பிறகு மழையே இல்லை. ரிஸ்வான் என் அறைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். "ராத்தா, மழைத் தண்ணி முடிஞ்சி. கிணத்துத் தண்ணி ஊத்தினா கண்ணாடி வெளுத்துப் போகும். கழுவாம விடுவமா?"

"பரவாயில்ல தம்பி, ஊத்துங்க" என்றேன். ஒவ்வொரு நாளும் ஊற்றச் சொன்னேன்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து நீங்கள் வாளியை வைக்கிற சத்தம், வேன் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். இத்தா இருந்த அறையில் இருந்து பார்த்தால் முற்றம் தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். கழுவுவது யாரென்று நான் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் வெளியில் நிற்கிறீர்கள். அதற்காகத்தான்.

தம்பிக்கு இது விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் பழியை வாங்கிக்கொண்டான். நானோ வாயைத் திறக்காமல் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு அவனைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மர்ஜானாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியையும் மாற்றச் சொல்கிறேன். புதுக் கண்ணாடியில், மழை வரும்வரை ஒருவரையும் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன். சுபஹுக்குப் பிறகு முற்றத்தில் சத்தம் இருக்காது. பழகிக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

இப்படிக்கு,
உங்கள் மர்ஜானாவின் உம்மா